சாக்கு பிடித்த கை

என் இடது கன்னம் விரிப்போடு ஒட்டிக் கிடக்கிறது. வாயில் விசில். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் நீல உடுப்புக்காரப் பெண்ணின் தோள்பட்டை. அந்தத் தோளுக்கும் விரிப்புக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது. அந்த வெளிச்சம் மறைந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

மேலே கிடந்து அழுத்துகிறவள் சிவப்பு உடுப்புக்காரி, ஸ்டெல்லா. மலையில் சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்துப் பெண். கீழே கழுத்தை விறைத்துக்கொண்டு தாங்குகிறவள் திவ்யா. சமவெளியில் உள்ள வடகரப்பதிக்காரி, அதாவது என் ஊர்க்காரி. இருவரில் ஜெயிப்பவள் மாநில அணியில் சேர்ந்து தேசியப் போட்டிக்கு ரயில் ஏறுவாள். திவ்யாவுக்கு இன்னும் ஒரு வருடம் பள்ளி இருக்கிறது. ஸ்டெல்லாவுக்கு இதுதான் கடைசி. இன்று தோற்றால் அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

வெளிச்சம் நூலாக மெலிந்தது. என் உள்ளங்கை தானாக விரிந்தது. மேசையிலிருக்கும் சேர்மனின் கை உயர்கிறதா என்று கண்ணைத் திருப்பினேன்.

அந்த நேரத்தில் 'பட், பட்' என்று விரிப்பு அதிர்ந்தது. அந்த அடி என் கன்னத்திலேயே தெரிந்தது.

ஸ்டெல்லா பிடியை விட்டுவிட்டாள்.

தட்டியது நான் இல்லை.

தரையில் புரளும் ஆள்

போன வாரம் என் முதல் விசில் காணாமல் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "நடுவர் என்றால் கௌரவமாக நிற்க வேண்டாமா, நீங்கள் ஏன் சார் தரையில் விழுந்து புரள்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. என் மனைவி சரசுவும் கல்யாணமான புதிதில் இதையேதான் கேட்டாள். வெள்ளைச் சட்டை துவைக்கிறவளுக்குக் கேட்க உரிமை உண்டு.

மல்யுத்தத்தில் புள்ளிகள் எத்தனை வேண்டுமானாலும் போகட்டும். எதிராளியின் இரண்டு தோள்களையும் சேர்த்து விரிப்பில் பதித்துவிட்டால் அந்த நொடியே வெற்றி. இதற்கு 'ஃபால்' என்று பெயர். தோள் பதிந்ததா என்பதை நின்றுகொண்டு பார்க்க முடியாது. கன்னத்தைத் தரையில் வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பதிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றினால், மேசையில் இருக்கும் தலைமை நடுவரான சேர்மனைப் பார்ப்பேன். அவரும் கையை உயர்த்தினால் உள்ளங்கையால் விரிப்பில் ஓங்கித் தட்டி விசில் ஊதுவேன்.

அந்தத் தட்டுதான் தீர்ப்பு. மேலே இருப்பவர் அதைக் கேட்டால் பிடியை விடலாம். கேட்கும்வரை விடக்கூடாது.

தொலைக்காட்சியில் மினுமினுப்பு ஜட்டி போட்டுக்கொண்டு நாற்காலியால் அடித்துக்கொள்கிறார்களே, அதையும் இதையும் ஒன்றாக நினைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை எங்கள் பஞ்சாயத்து விழாவில் என் தோளில் கைபோட்டு, "எல்லாம் முன்கூட்டியே பேசி வெச்சுக்குவீங்கல்ல சார்?" என்று ஒருவர் கேட்டார். வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தூள் பறந்த காலம்

கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு ஆலையில் எனக்கு வேலை. கல்லூரியில் நானும் கொஞ்சம் குஸ்தி போட்டவன். கொஞ்சம் என்றால், அடிக்கடி தோள் பதித்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிப்பைக் கீழேயிருந்து பார்த்த அனுபவம் எனக்கு அப்போதே நிறைய உண்டு. நடுவர் தேர்வு எழுதித் தேறிய பிறகு, பள்ளிப் போட்டி எங்கே நடந்தாலும் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடிவிடுவேன்.

ஆரம்பத்தில் விரிப்பெல்லாம் ஏது? மரத்தூளைக் கொட்டி, மேலே தார்ப்பாய் விரித்து, நாலு மூலையிலும் முளையடித்துக் கட்டுவோம். நான் தட்டினால் தூள் புகையாகக் கிளம்பும். ஜெயித்தவன் தும்முவான், தோற்றவன் தும்முவான், நான் தும்மிக்கொண்டே கையை உயர்த்துவேன். ஆலைகளில் வேலை பார்க்கும் வடநாட்டுத் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் கூட்டமாக வந்துவிடுவார்கள். மண்ணில் குஸ்தி பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு புள்ளி தவறிப் போட்டால் இந்தியில் கிழித்துவிடுவார்கள். எனக்குப் பாதிதான் புரியும், ஆனாலும் கூச்சமாக இருக்கும்.

நடுவரின் இடது மணிக்கட்டில் சிவப்புப் பட்டை, வலது மணிக்கட்டில் நீலப் பட்டை. சிவப்பு உடுப்புக்காரருக்குப் புள்ளி என்றால் இடது கையைத் தூக்கி விரலைக் காட்ட வேண்டும், நீலத்துக்கு வலது கை. இது ரத்தத்தில் ஊறிவிட்டது. எங்கள் பெண்கள் இருவரும் சின்ன வயதில் தலையணைக்காகக் கட்டிப் புரண்டால் நான் என்னை அறியாமல் கையைத் தூக்கி, "நீலம், ரெண்டு!" என்பேன். சரசு அடுப்படியிலிருந்து கரண்டியோடு வருவாள்.

"ஏனுங்க, புள்ளைங்களை வெலக்கி உடறத உட்டுப்போட்டு பாயிண்டு போட்டுட்டு நிக்கறீங்களே, நீங்கெல்லாம் ஒரு அப்பனாங்க?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தூக்கத்தில் கட்டிலைத் தட்டுவேனாம். விழித்ததும், "இன்னிக்கு ஆருங்க செயிச்சது?" என்று சிரிக்காமல் கேட்பாள்.

வேனில் இடம் இருந்தது

சரி, மலைக்குப் போவோம்.

அந்த வருடம் மாநில அணிக்கான தேர்வுப் போட்டியை நடத்தும் முறை இடுக்கிக்கு வந்தது. பூப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியின் அரங்கத்தில் ஏற்பாடு. வடகரப்பதியிலிருந்து திவ்யாவின் சொந்தக்காரர்கள் ஒரு வேன் பிடித்திருந்தார்கள். கிளம்புகிற காலையில் திவ்யாவின் சித்தப்பா என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க மாமா, வண்டில எடம் இருக்குதுங்க. எதுக்குங்க பஸ்ஸுல போயி ஒடம்பக் கெடுத்துக்கறீங்க? வாங்க, பேசீட்டே போயரலாம்."

"இல்லீங்க தம்பி. இந்த வண்டில ஏறுனா அப்பறம் நான் அங்க கையத் தூக்கறதுக்கே மருவாதை இல்லாமப் போயிருமுங்க."

"ஒரு டீக்குக் கூட நிறுத்த மாட்டமுங்க!"

"டீ குடிச்சாலும் குடிக்காட்டியும் வண்டி உங்களுதுங்களே!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறி, மறையூர் வழியாகக் குலுங்கிக் குலுங்கி, மூணாறில் வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தேன். இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் மனசு லேசாக இருந்தது.

என் ஊர்ப் பெண் ஆடுவதால் அந்தப் பிரிவுக்கு வேறு யாரையாவது நடுவராகப் போடச் சொல்லிச் சேர்மனிடம் முன்னாலேயே கேட்டேன். அவர் திருச்சூர்ப் பக்கத்துக்காரர், மலையாளி, அலட்டிக்கொள்ளாத மனிதர். "வேறே ஆளில்லா, சென்னியப்பா. ஒருத்தனுக்குப் பனி" என்றார். காய்ச்சலில் ஒரு நடுவர் படுத்துவிட்டார் என்று அர்த்தம். எனக்கு வேறு வழியில்லை.

அரங்கத்தில் கால் வைத்ததும் ஏலக்காய் வாசனை. யாரும் கொண்டுவரவில்லை, அது அந்த ஜனங்களின் உடுப்பிலேயே இருந்தது. தோட்டங்களிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நாற்காலி பற்றவில்லை. ஜனம் தரையில் உட்கார்ந்து, விரிப்பின் ஓரம்வரை வந்துவிட்டது. "கொஞ்சம் பின்னால் போங்க" என்று நானே நாலு முறை கேட்டேன். போவார்கள். அடுத்த ஆட்டம் சூடு பிடித்ததும் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள்.

அப்படி வந்த முதல் வரிசையில், எனக்கு இரண்டு முழம் தள்ளி, பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. மகளின் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததும் சிலுவையை எடுத்து முத்தமிட்டார். ஸ்டெல்லாவின் அப்பா அந்தோணி அவர்தான். மகள் விளையாடி அவர் பார்க்கும் முதல் போட்டி அது.

அந்த இரண்டு தட்டு

அந்தப் பெண் என்னமாய்ப் பிடிக்கிறாள்! பள்ளிப் பிள்ளைகளில் அப்படி ஒரு பிடியை நான் பார்த்ததில்லை. திவ்யா லேசுப்பட்டவள் இல்லை. கால் வேகம் அவளுக்கு அதிகம். ஆனால் ஸ்டெல்லாவின் விரல்கள் மணிக்கட்டில் விழுந்தால் அவ்வளவுதான், பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிடும். குனிந்து உள்ளே புகுந்து இரண்டு காலையும் வாரிக் கீழே தள்ளினாள். என் இடது கை மேலே போனது. அப்படியே கழுத்தை வளைத்துத் திருப்பினாள். மறுபடியும் இடது கை.

"அமுக்கு தாயி! விட்றாத!" என்று மலை கத்தியது.

"எந்திரி கண்ணு! தோளத் தூக்கு கண்ணு!" என்று சமவெளி கத்தியது.

நான் விழுந்து கன்னத்தைத் தரையில் வைத்தேன். இந்த அத்தியாயத்தைத் தொடங்கிய இடம் இதுதான். வெளிச்சம் மெலிந்தது, யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள், ஸ்டெல்லா விட்டுவிட்டாள். விட்டது மட்டுமில்லை. ஜெயித்துவிட்டோம் என்று முகமெல்லாம் சிரிப்பாக முழங்காலில் நிமிர்ந்தாள்.

திவ்யாவுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. ஆனால் விசில் வரவில்லை என்பது தெரியும். பாய்ந்து எழுந்தாள், ஸ்டெல்லாவின் முதுகுக்குப் பின்னால் போனாள், இடுப்பைக் கட்டிப் புரட்டினாள். என் வலது கையைத் தூக்கினேன். மறுபடி புரட்டினாள். மறுபடி தூக்கினேன். இன்னொரு முறையும் புரட்டினாள். ஸ்டெல்லா புரளும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்தாள். 'தட்டினீர்களே, அப்புறம் ஏன்?' என்று அந்தக் கண்கள் கேட்டன.

எனக்கு வருத்தமாக இருந்ததா? நிச்சயமாக இருந்தது. ஆனால் நான் தட்டவில்லை, நான் ஊதவில்லை, ஆட்டம் நடக்கிறது. திவ்யா எடுத்த புள்ளிகள் அவள் உழைப்பில் வந்தவை. அவற்றை இல்லை என்று சொல்ல எனக்கு ஏது அதிகாரம்?

இந்த நேரம் பார்த்துத் திவ்யாவின் சித்தப்பா உற்சாகம் தாங்காமல் ஒரு குரல் விட்டார்.

"அப்புடித்தான் கண்ணு! நம்ம மாமாதான் ரெஃப்ரி, பயப்படாம ஆடு!"

எங்கள் ஊரில் தபால்காரரும் மாமாதான், பால்காரரும் மாமாதான். இதை அந்த மலை ஜனத்துக்கு யார் போய்ச் சொல்வது?

மாமன் விசில்

முதல் சுற்று முடிந்து அரை நிமிட இடைவேளை. நீலம் நான்கு புள்ளி முன்னால். அரங்கம் கொதித்தது.

"மாமனாம்ல மாமன்! மாமன் விசில் ஊதுனா மருமகதான ஜெயிப்பா!"

"தட்டிட்டு இல்லைங்காரு பாரு! காதுல கேட்டோம்ல!"

இடுக்கிப் பயிற்சியாளர் சோபியா டீச்சர் சேர்மன் மேசைக்கு ஓடினார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. தட்டு எல்லோர் காதிலும் விழுந்தது, குழந்தை அதை நம்பித்தான் விட்டாள், ஆகையால் ஃபால் கொடுங்கள் அல்லது அந்தப் பிடியிலிருந்து மறுபடி தொடங்குங்கள் என்றார்.

சேர்மன் என்னைப் பார்த்தார். "நீ தட்டியோ?"

"இல்லை சார்."

"ஞானும் கை பொக்கியில்லா." அவரும் கையை உயர்த்தியிருக்கவில்லை. டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தார். "களி நடக்கட்டே, டீச்சரே." ஆட்டம் தொடரட்டும் என்றுவிட்டார்.

சத்தம் இரட்டித்தது. ஒரு தண்ணீர்ப் பாட்டில் என் காலருகே வந்து விழுந்தது. இத்தனை வருடத்தில் என்னைத் திட்டியவர்கள் உண்டு, சட்டையைப் பிடித்தவர்கள்கூட உண்டு. ஆனால் ஊர்க்காரிக்குச் சாதகமாக நடந்தவன் என்று யாரும் சொன்னதில்லை. காது மடல் சுட்டது. வேனில் ஏறாமல் இடுப்பு நோக பஸ்ஸில் வந்தவன் நான் என்று ஒலிபெருக்கியைப் பிடுங்கிக் கத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் பச்சை ஸ்வெட்டர்க்காரர் எழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏ, நிப்பாட்டுங்கப்பா! அவரைத் திட்டாதீக! தட்டுனது நாந்தான்!"

கூட்டம் சட்டென்று அடங்கியது. அந்தோணி என் பக்கம் திரும்பினார்.

"சார், நான் ஏலக்கா ஸ்டோர்ல சாக்கு கட்டுற ஆளு. லீவு நாளானா இந்தப் புள்ள எங்கூட வந்துரும். நான் காயக் கொட்டக் கொட்ட, அது சாக்கு வாயை விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்கும். ரொம்புனதும் சாக்கை ரெண்டு தட்டுத் தட்டுவேன். தட்டுனா விட்ரணும். அது விட்டாத்தான் நான் கயிறு போட்டுக் கட்ட முடியும். சின்னப் புள்ளையில இருந்து அதான் சார் பழக்கம். இப்பப் பாத்தீகளா, அமுக்குறா அமுக்குறா, ஜெயிச்சுட்டா எம்புள்ளைன்னு ஒரே சந்தோசம், தன்னால கை போயித் தட்டிருச்சு. பாவிப்பய நான் தட்டுனேன், அது விட்ருச்சு."

முன்வரிசையில் ஒரு பெண் மெதுவாக, "ஆமா, ஸ்டோர்ல எல்லாரும் அப்படித்தான" என்றாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சாக்கு பிடித்தவர்கள். அவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. என்னைத் திட்டிய ஆள் தானே வந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நடுவன் இரண்டையும் காட்டக் கூடாது. விசிலைக் கடித்துக்கொண்டேன். ஸ்டெல்லாவுக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஸ்டெல்லா மூலையில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. அழுகைதான் இதோ வருகிறேன் என்று நின்றது. சோபியா டீச்சர் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இங்கோட்டு நோக்கு. இனி யார் தட்டினாலும் விடாதே. கேட்டியா? ஆகாசம் இடிஞ்சு விழுந்தாலும் விடாதே!"

அந்தோணி பழைய இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் தன் முழு எடையையும் போட்டுக்கொண்டார்.

கை இல்லாத அப்பா

இரண்டாவது சுற்றைப் பற்றி எழுதும்போது இப்போதும் என் கை பரபரக்கிறது.

முன்னால் இருப்பவள் என்ன செய்வாள்? தள்ளி நிற்பாள். திவ்யா புத்திசாலி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஸ்டெல்லா கையை நீட்டினால் தட்டிவிட்டு நகர்ந்தாள். ஒருமுறை பின்வாங்கி விரிப்புக்கு வெளியே கால் வைத்தாள். சிவப்புக்கு ஒரு புள்ளி, என் இடது கை. இன்னொரு முறை பிடியிலிருந்து தப்பி ஓடினாள். எச்சரிக்கை கொடுத்து அதற்கும் ஒரு புள்ளி போட்டேன். என் ஊர் வேன் முழுவதும் என்னைச் சபித்தது.

"ஏனுங்க மாமா, கண்ணு தெரீலீங்களா?"

நன்றாகத் தெரிந்தது. மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட. இரண்டு பக்கமும் திட்டினால் நடுவன் நடுவில்தான் நிற்கிறான் என்று அர்த்தம்.

ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு புள்ளி பாக்கி. ஸ்டெல்லாவுக்கு மூச்சு வாங்கியது. அந்தோணி கத்தவில்லை. கண்ணை மூடவில்லை. கையைத் தொடைக்கடியில் வைத்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் துண்டை எடுத்து அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார். தானே துடைத்துக்கொள்ளக்கூட அவர் கையை வெளியே எடுக்கவில்லை.

கடைசித் துளி நேரம். திவ்யா சுற்றி வந்தவள் அரை நொடி தாமதித்தாள். அது போதுமாக இருந்தது. ஸ்டெல்லாவின் விரல்கள் மணிக்கட்டில் விழுந்தன. இழுத்தாள். இன்னொரு கையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். இடுப்பை உள்ளே கொடுத்து ஒரு சுழற்று! இரண்டு பேரும் சேர்ந்து விழுந்த சத்தத்தில் மேசையிலிருந்த மணி கவிழ்ந்தது.

நானும் விழுந்தேன். கன்னம் தரையில்.

திவ்யா பாலம் கட்டினாள். பாலம் என்றால், தலையையும் குதிகாலையும் ஊன்றி முதுகை வில்லாக உயர்த்துவது. வீரமான பெண்! தோளுக்கு அடியில் வெளிச்சம். இரண்டு விரல் வெளிச்சம். ஒரு விரல். நூல். மறுபடி ஒரு விரல். "கண்ணு! கண்ணு!" "தாயி! தாயி!" என்று இரண்டு சத்தமும் கலந்து என் காதில் ஒரே இரைச்சலாக விழுந்தது. ஒரு தோள் பதிந்தது. மற்றது துடித்தது. நூல்.

வெளிச்சம் மறைந்தது.

சேர்மனைப் பார்த்தேன். கை மேலே இருந்தது.

தட்டினேன். அப்படி ஒரு தட்டு அதற்கு முன்பும் தட்டியதில்லை, பிறகும் தட்டியதில்லை. தட்டிய கையோடு விசிலையும் நுரையீரல் காலியாகும்வரை ஊதினேன்.

அரங்கம் எழுந்து குதித்தது.

ஸ்டெல்லா விடவில்லை.

மறுபடி ஊதினேன். அசையவில்லை. கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, அதே பிடியில் கிடந்தாள். அவள் காதருகே குனிந்து, "விடும்மா, முடிஞ்சுது" என்றேன்.

பல்லிடுக்கு வழியாகக் கேட்டாள். "தட்டுனது யாரு சார்?"

"நான்தாம்மா."

நம்பவில்லை. பிடி இன்னும் இறுகியது. கீழேயிருந்து திவ்யாவின் குரல் ஈனமாக வந்தது.

"அக்கா... அவருதானுங்க அக்கா தட்டுனாரு... உடுங்க அக்கா, மூச்சு முட்டுது..."

தோற்றவளே சாட்சி சொல்லியும் ஸ்டெல்லா விடவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து, விரிப்பின் ஓரத்தை, பச்சை ஸ்வெட்டரைத் தேடினாள்.

அந்தோணிக்குப் புரிந்துவிட்டது. தொடைக்கடியிலிருந்து இரண்டு கையையும் உருவினார். அழுந்தி அழுந்தி வெளுத்துப்போயிருந்த கைகளை விரித்து, தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"நான் இல்ல தாயி! சத்தியமா நான் இல்ல! இந்தா பாரு என் கையி! சார்தான் தட்டுனாரு! நீ விடு!"

அப்புறம்தான் விட்டாள்.

திவ்யாவை எழுப்பி நிறுத்தியது ஸ்டெல்லாதான். கழுத்தைத் தடவிக்கொண்டே திவ்யா அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன். வெற்றியாளரின் கையை உயர்த்துவது என் தொழிலில் ஆயிரம் முறை செய்த வேலை. ஸ்டெல்லாவின் கையைத் தூக்கினேன்.

எதிரே அந்தோணியின் இரண்டு கைகளும் இன்னும் மேலேயே இருந்தன. இறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.